கிளேட்ஸ்வில் பாலம்: ஒரு ரோட்டுப் பாலத்துக்கு எதுக்குங்க பாரம்பரியப் பட்டம்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சிட்னில விக்டோரியா ரோடு வழியா பரமட்டா ஆத்தைத் தாண்டுற காங்கிரீட் ஆர்ச் பாலம்தான் கிளேட்ஸ்வில் பாலம். 1964ல திறந்தது. 2015ல அதுக்கு சர்வதேச பொறியியல் பாரம்பரிய அடையாளம் குடுத்தாங்க. இந்தப் பாலத்தைப் பத்தி பேச்சு வந்தாலே அதே கேள்விங்கதான் சுத்திச் சுத்தி வருது, அதான் எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் போட்டுடலாம்னு. வரிசையா படிக்கணும்னு இல்ல, வேணுங்கிறதைப் பாத்துக்கோங்க.

இது ஓபரா ஹவுஸ் பக்கத்துல இருக்கே, அந்தப் பாலமா?

இல்லைங்க. அது ஹார்பர் பிரிட்ஜ். ஸ்டீல் பாலம், 1932ல திறந்தது, ஆர்ச் 503 மீட்டர். காலண்டர், டீ-ஷர்ட், புத்தாண்டு வாணவேடிக்கை எல்லாத்துலயும் வர்றது அதுதான். கிளேட்ஸ்வில் பாலம் அதுக்கு மேற்கால சில கிலோமீட்டர் தள்ளி, ஆத்துல உள்ள போனா இருக்கு. ஒரு கரை டிரம்மொயின், இன்னொரு கரை ஹன்ட்லீஸ் பாயின்ட்.

நான் தினமும் அதுல கார் ஓட்டிட்டுப் போறேன், சாதா ரோடு மாதிரிதான் இருக்கு. இதுல என்ன பாரம்பரியம் வேண்டிக்கிடக்கு?

அதாங்க இந்தப் பாலத்தோட பிரச்சனையே. ஹார்பர் பிரிட்ஜ்ல போனா ரெண்டு பக்கமும் தலைக்கு மேலயும் ஸ்டீலாத்தான் இருக்கும், பாலத்துக்குள்ள போறோம்னு குழந்தைக்குக்கூட தெரியும். இங்க ஆர்ச் முழுக்க ரோட்டுக்குக் கீழ இருக்கு, மேல போறவனுக்கு ஒரு ஏத்தம், ஒரு இறக்கம், சைடுல கைப்பிடி, முன்னாடி பஸ், அவ்ளோதான், சிக்னல்ல நின்னு எரிச்சல்ல இருக்கறவன் கீழ என்ன இருக்குன்னு எங்க யோசிக்கப் போறான். இவ்ளோ பெரிய வேலையை இவ்ளோ பேர் மிதிச்சுக்கிட்டே கண்டுக்காம போறாங்கன்னா, அதுக்குத்தான் ஒரு அடையாளம் தேவைப்படுது. எல்லாருக்கும் தெரிஞ்ச பாலத்துக்கு ப்ளேக், அதாவது நினைவுப் பலகை, வெச்சாலும் ஒண்ணுதான் வெக்காட்டியும் ஒண்ணுதான், தெரியாத பாலத்துக்குத்தான் அது வேலை செய்யும்.

அளவெல்லாம் சொல்லுங்க.

ஆர்ச் மட்டும் 305 மீட்டர், அதாவது சரியா 1000 அடி. பாலத்தோட மொத்த நீளம் சுமார் 580 மீட்டர். நடுவுல தண்ணிலேர்ந்து ஆர்ச் வரைக்கும் 40 மீட்டருக்குக் கொஞ்சம் மேல உயரம், கப்பல் போகணுமேன்னு அவ்ளோ தூக்கிக் கட்டினாங்க. 1959 கடைசில வேலை ஆரம்பிச்சாங்க, 1964 அக்டோபர் 2ஆம் தேதி கென்ட் சீமாட்டி, இளவரசி மரினா வந்து திறந்து வெச்சாங்க. அன்னிக்கு உலகத்துல இதைவிட நீளமான காங்கிரீட் ஆர்ச் கிடையாது.

முன்னாடி அங்க வேற பாலம் இருந்துச்சாமே?

இருந்துச்சு. 1881ல கட்டினது. குறுகலான பாலம், அதுலயே வண்டியும் போகணும் ட்ராமும் போகணும். தாழ்வான பாலம்கிறதால கப்பல் வந்தா ஒரு பகுதியை அப்படியே திருப்பி வழி விடுவாங்க. ஆத்துல இன்னும் உள்ள போனா மோர்ட்லேக்ல நிலக்கரிலேர்ந்து கேஸ் எடுக்குற கம்பெனி இருந்துச்சு, அதுக்கு நியூகாசில்லேர்ந்து நிலக்கரி ஏத்திட்டு சின்னக் கப்பல்ங்க வரும், கப்பல் வர்றப்ப எல்லாம் பாலத்தைத் திறக்கணும், ரெண்டு பக்கமும் வண்டி வரிசை கட்டி நிக்கும். இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் கார் பெருகினதும் இது சுத்தமா தாங்கல. புதுசு திறந்ததும் பழசை இடிச்சுட்டாங்க.

பழைய பாலத்துக்கு யாரும் ப்ளேக் வைக்கலயேன்னு கேக்கலாம். அந்தக் காலத்துல பழைய பாலம்னா இடைஞ்சல், அவ்ளோதான் கணக்கு.

ஸ்டீல்லயே கட்டிருக்கலாமே, காங்கிரீட் எதுக்கு?

நியூ சவுத் வேல்ஸோட மெயின் ரோட்ஸ் டிபார்ட்மென்ட் முதல்ல போட்ட பிளானே ஸ்டீல்தான். டெண்டர் விட்டப்ப சிட்னியோட ஸ்டூவர்ட் பிரதர்ஸும் இங்கிலாந்தோட ரீட் அண்ட் மாலிக்கும் சேர்ந்து, "உங்க டிசைன் இருக்கட்டும், எங்ககிட்ட வேற ஒண்ணு இருக்கு"ங்கற மாதிரி ஒரு காங்கிரீட் ஆர்ச்சை வெச்சாங்க. டிசைன் பண்ணது லண்டன்ல இருந்த மான்செல் அண்ட் பார்ட்னர்ஸ். அந்தக் கம்பெனியை ஆரம்பிச்ச கை (Guy) மான்செல்தான் போர்க்காலத்துல தேம்ஸ் முகத்துவாரத்துல கடலுக்கு நடுவுல கால் வெச்சு நிக்கிற கோட்டைங்களை டிசைன் பண்ணவர், போட்டோ பாத்துருப்பீங்க, வேத்துக்கிரகத்துலேர்ந்து வந்த மாதிரி இருக்கும்.

முதல்ல 1000 அடியைவிடக் குறைவாத்தான் ஆர்ச்சை யோசிச்சிருந்தாங்க, அப்புறம்தான் 1000 அடிக்கு நீட்டினாங்க. அந்த நீளத்துக்கு உலகத்துல யாரும் காங்கிரீட் ஆர்ச் கட்டினதில்ல, கவர்மெண்ட்டுக்கு பயம் வராம இருக்குமா? அதனால பிரீஸ்ட்ரெஸ் காங்கிரீட்டோட (உள்ள ஸ்டீல் கம்பியை இழுத்துக் கட்டி முன்னாடியே அழுத்தி வெச்ச காங்கிரீட்) தந்தைன்னு சொல்ற பிரெஞ்சு இன்ஜினியர் யூஜின் ஃப்ரெய்சினேகிட்ட டிசைனைக் குடுத்து பாக்கச் சொன்னாங்க. அவர் சரின்னதும்தான் வேலை நகர்ந்துச்சு. மான்செல் 1961ல இறந்துட்டார், ஃப்ரெய்சினே 1962ல. ரெண்டு பேருமே பாலம் முடிஞ்சதைப் பாக்கல.

எப்படித்தான் கட்டினாங்க? ஆத்துக்கு நடுவுல தூண் இல்லையே.

முடிஞ்ச பாலத்துக்கு நடுவுல தூண் இல்ல, சரி. ஆனா கட்டும்போது இருந்துச்சு.

நம்ம ஊர்ல வீட்டுக்கு ரூஃப் போடறப்ப கீழ சென்டரிங் அடிக்கிறோம்ல, அதேதான் இங்கயும். ஆனா இங்க ஆத்துக்குக் குறுக்கால ஸ்டீல்ல ஒரு சென்டரிங், கப்பல் போறதுக்கு நடுவுல வழி விட்டு. 1000 அடிக்கு அகலம் முழுக்க சென்டரிங் அடிச்சா பாலத்தைவிட சென்டரிங் செலவு அதிகமாயிடும். அதனால அவங்க பண்ண வேலை என்னன்னா, ஆர்ச்சை ஒரே பட்டையா கட்டாம பக்கத்துப் பக்கத்துல நாலு பட்டையா பிரிச்சாங்க. சென்டரிங்கை ஒரு பட்டை அகலத்துக்கு மட்டும் அடிச்சாங்க. ஒரு பட்டை முடிஞ்சு அது தன் கால்ல நின்னதும், சென்டரிங்கை அப்படியே தண்டவாளத்துல சைடா நகத்தி அடுத்த பட்டை. இப்படி நாலு தடவை.

ஆர்ச்சும் அங்கயே காங்கிரீட் ஊத்தினது இல்ல. ஆத்துல கீழ்ப் பக்கமா அஞ்சு கிலோமீட்டர் தள்ளி வூல்விச்ல உள்ள கூடா இருக்குற பெட்டிகளா வார்த்தாங்க. ஒரு பெட்டி 20 அடி அகலம், எடை 50 டன் வரைக்கும். ஒரு பட்டைக்கு 108 பெட்டி, ஆக மொத்தம் 432. பார்ஜ்ல, அதாவது சரக்கு ஏத்துற தட்டைப் படகுல, ஏத்தி ஆத்து வழியா கொண்டு வந்து, ஆர்ச்சோட உச்சிக்கு நேரா கீழ நிறுத்தி, மேல தூக்கி சென்டரிங் மேல வெச்சு, அங்கேர்ந்து வின்ச் வெச்சு மெதுவா சரிவுல இறக்கி அதது இடத்துல உக்கார வெச்சாங்க, கரைலேர்ந்து உச்சியைப் பாத்து ரெண்டு பக்கமும் வளந்துகிட்டே வந்துச்சு. பெட்டிக்குப் பெட்டி நடுவுல விட்ட இடைவெளியை காங்கிரீட் போட்டு அடைச்சாங்க. நாலு பட்டையும் முடிஞ்சப்புறம் குறுக்கால ஒண்ணோட ஒண்ணு சேத்து இறுக்கினாங்க. ஆர்ச் மேல மெல்லிசான தூணுங்க, தூணுக்கு மேல பிரீஸ்ட்ரெஸ் பீம், அதுக்கு மேல ரோடு.

ஆர்ச் ரெண்டு பக்கமும் கரையைத் தள்ளிக்கிட்டே இருக்கும், கரை பலமில்லன்னா எல்லாம் வேஸ்ட். சிட்னில கீழ நல்ல மணற்பாறை, அது வாங்கிக்குது.

ஏதோ ஜாக்கி போட்டு தூக்கினாங்கன்னு சொல்றாங்க, 300 மீட்டர் பாலத்தை ஜாக்கில எப்படிங்க தூக்குறது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்துட்டு இருந்தேன். எனக்கு இந்தப் பாலத்துல ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

ஆர்ச்ல இருக்குற காங்கிரீட் எல்லாம் நசுங்கிக்கிட்டேதான் நிக்குது. நசுக்கினா எந்தப் பொருளும் துளி சுருங்கும். ஆர்ச் துளி சுருங்கினா உச்சி கீழ இறங்கும். சென்டரிங்கைப் பிரிக்கிற நேரம்தான் அதனால ஆபத்தான நேரம், அதுவரைக்கும் சென்டரிங் சுமந்துட்டு இருந்த எடை எல்லாம் ஆர்ச்சுக்கு வருது, ஆர்ச் இறங்குது, ஒரு பக்கம் முன்னாடி இன்னொரு பக்கம் பின்னாடின்னு பிரிச்சா ஆர்ச் கோணிக்கும். காங்கிரீட்டுக்கு இன்னொரு பழக்கமும் இருக்கு, பாரத்துல வெச்சா அன்னிக்கு மட்டும் சுருங்காது, மாசக்கணக்கா வருஷக்கணக்கா மெல்ல மெல்ல சுருங்கிக்கிட்டே இருக்கும்.

இதை முதல்ல அனுபவிச்சு கத்துக்கிட்டவரே நம்ம ஃப்ரெய்சினேதான். பிரான்ஸ்ல அல்லியே ஆத்துல லெ வெர்துர்னு ஒரு ஊர்ல 1910களோட தொடக்கத்துல ஒரு ஆர்ச் பாலம் கட்டினார், மூணு ஆர்ச், ஒவ்வொண்ணும் 70 மீட்டருக்கு மேல. திறந்து சில மாசம் போனதும் உச்சி இறங்க ஆரம்பிச்சுடுச்சு, கைப்பிடிச் சுவரே வளைஞ்சு தெரியுது. காங்கிரீட் அப்படி நாளாக நாளாக சுருங்கும்னு அன்னிக்கு எந்த விதிப் புத்தகமும் சொல்லல. மனுஷன் ஊரைக் கூட்டாம சில ஆட்களை மட்டும் கூட்டிட்டுப் போய், ஆர்ச் உச்சில ஜாக்கி வெச்சுத் தள்ளி, பழையபடி தூக்கி நிறுத்தி, இடைவெளியை காங்கிரீட் போட்டு மூடிட்டார். பாலம் அதுக்கப்புறம் ஒழுங்கா நின்னுச்சு, இரண்டாம் உலகப் போர்லதான் போச்சு. அந்த பயத்துலேர்ந்துதான் பிரீஸ்ட்ரெஸ் பத்தின அவரோட மொத்த யோசனையும் வளந்துச்சு.

அப்புறம் அவர் கண்டுபிடிச்ச இன்னொரு சாமான், தட்டை ஜாக்கி. மெல்லிசான ரெண்டு ஸ்டீல் தகடை ஓரத்துல ஒட்டி வெச்ச மாதிரி, உள்ள எண்ணெயை அழுத்திச் செலுத்தினா உப்பும். ஒரு இன்ச் அளவுக்குத்தான் விரியும், ஆனா அது தள்ற பலம் பயங்கரம். கிளேட்ஸ்வில்ல ஒவ்வொரு பட்டைலயும் ரெண்டு இடத்துல பெட்டிகளுக்கு நடுவுல இந்த ஜாக்கிங்களை அடுக்கடுக்கா வெச்சாங்க. பட்டை முழுசா சேர்ந்ததும் எண்ணெயை ஏத்தினாங்க. ஜாக்கி விரிஞ்சா ஆர்ச்சோட நீளம் கொஞ்சம் கூடும், ரெண்டு கரையும் பாறை, நகராது, அப்போ ஆர்ச்சுக்குப் போக இருக்குற ஒரே வழி மேலதான். அப்படியே சென்டரிங்கை விட்டு தானா எழும்பிடுச்சு! கீழேர்ந்து யாரும் தூக்கல, சென்டரிங்கை ஆர்ச்சுக்குக் கீழேர்ந்து பிடுங்கல, ஆர்ச்தான் சென்டரிங்கை விட்டு எழுந்துச்சு. அப்புறம் எண்ணெயை எடுத்துட்டு சிமெண்ட் பால் ஏத்தி கெட்டி பண்ணிட்டாங்க. அந்த ஜாக்கிங்க இன்னிக்கும் பாலத்துக்குள்ளயேதான் இருக்கு.

305 மீட்டர்ங்கற நம்பரை விட இதுதாங்க பெரிய விஷயம்.

சென்டரிங்குக்கு இவ்ளோ முக்கியத்துவமா? அது தற்காலிகமானதுதானே.

தற்காலிகமானதுதான், ஆனா பாலம் கட்டும்போது பெரிய விபத்து நடக்கக்கூடிய இடம் அது. ஸ்வீடன்ல சாண்டோ பாலம்னு ஒண்ணு, 264 மீட்டர் காங்கிரீட் ஆர்ச். 1939 ஆகஸ்ட் 31ஆம் தேதி காங்கிரீட் போட்டுட்டு இருக்கும்போதே சென்டரிங்கோட சேர்ந்து ஆத்துக்குள்ள விழுந்துச்சு. 18 பேர் செத்தாங்க. மறுநாள் ஹிட்லர் போலந்துக்குள்ள படையெடுத்ததால அந்தச் செய்தி உலகத்துக்குப் பெருசா தெரியாமலே போயிடுச்சு. அப்புறம் திரும்பக் கட்டி 1943ல முடிச்சாங்க, ரொம்ப வருஷம் உலக ரெக்கார்டு அதுகிட்டதான் இருந்துச்சு. கிளேட்ஸ்வில் டிசைன் பண்ணவங்களுக்கு முன்னாடி இருந்த உதாரணம் இது, அப்போ அவங்க சென்டரிங்கைப் பத்தி எவ்ளோ யோசிச்சிருப்பாங்கன்னு பாத்துக்கோங்க.

சென்டரிங்கை திரும்பத் திரும்ப உபயோகிக்கிற வேலையை ஃப்ரெய்சினேவும் முன்னாடியே பண்ணிருந்தார். பிரான்ஸ்ல ப்ளூகாஸ்டெல் பாலத்துல, 1930ல முடிச்சது, ஒரே மரச் சென்டரிங்கை தண்ணில மிதக்க விட்டு மூணு ஆர்ச்சுக்கும் கொண்டு போனாங்க. இங்க மிதக்க விடல, சைடா தள்ளினாங்க.

கம்ப்யூட்டர்ல டிசைன் பண்ண முதல் பாலம்னு எல்லாரும் சொல்றாங்களே, உண்மையா?

"முதல்"னு அடிச்சுச் சொல்ல வேணாம், "முதல் சிலவற்றில் ஒண்ணு"ன்னு சொல்லிக்கலாம், அதுவே பெரிய பெருமைதான். 1950களோட கடைசில, இருபதுகள்ல இருந்த டோனி கீ (Gee) என்ற இளம் இன்ஜினியர்தான் மான்செல் ஆபீஸ்ல இதோட டிசைன் பண்ணவர். ஆர்ச்சைக் கணக்குப் போடறதுக்கு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதி உபயோகிச்சாங்க. அந்தக் காலத்துல கம்ப்யூட்டர்னா ரூம் சைஸ் மிஷின், இன்ஜினியர் ஆபீஸ்ல ஸ்லைடு ரூலும் லாக் டேபிளும்தான். 22, 23 வயசுப் பையன்கிட்ட உலகத்துலயே நீளமான காங்கிரீட் ஆர்ச்சைக் குடுத்த தைரியத்தை என்ன சொல்றது. நம்ம ஆபீஸ்ங்கள்ல அந்த வயசுல டிராயிங்ல டைட்டில் பிளாக் ஃபில் பண்ணச் சொல்வாங்க.

"முதல்", "உலகத்துலயே", "ஒரே" இந்த மூணு வார்த்தையும் ப்ளேக்ல வர்றதுக்கு முன்னாடி பத்து தடவை யோசிக்கணும்ங்கறது என் கருத்து. கல்லுல பொறிச்சப்புறம் ஒருத்தர் வேற பாலத்தைக் காட்டினா அசிங்கமா போயிடும்.

ரெக்கார்டுதான் போயிடுச்சே? அப்புறம் எதுக்கு பட்டம்?

போயிடுச்சு. 1980ல அன்னைய யுகோஸ்லாவியா, இப்போ குரோஷியா, அங்க கிர்க் தீவுக்குப் போற பாலம் 390 மீட்டர்ல வந்து முந்திடுச்சு. 1997ல சீனாவுல வான்சியன் 420. இப்போ சீனாவுல தியானே லோங்டான் பாலம் 600 மீட்டர்ல நிக்குது, 305 அதுல பாதிதான்.

ரெக்கார்டுக்குக் குடுக்குற பட்டம்னா 1980லயே காலாவதி ஆகிருக்கும். பாக்கறது இன்னொண்ணு: இதுக்கு அப்புறம் பாலம் கட்டினவங்க இதைப் பாத்து எதையாவது மாத்திக்கிட்டாங்களா? பெட்டி பெட்டியா முன்னாடியே வார்த்து வெச்சு சேக்கிறது, கம்ப்யூட்டர் கணக்கு, இவ்ளோ பெரிய ஆர்ச்சைக்கூட காங்கிரீட்ல கட்டலாம்ங்கற நம்பிக்கை. 1943லேர்ந்து 1963 வரைக்கும் ரெக்கார்டு சாண்டோவோட 264 மீட்டர்லயே நின்னுட்டு இருந்துச்சு, போர்ச்சுகல்ல போர்ட்டோ ஊர்ல அர்ராபிடா பாலம் 1963ல 270 ஆக்குச்சு, மறுவருஷமே இது 305. கிட்டத்தட்ட 16 வருஷம் அசைக்க முடியல.

இந்தப் பட்டத்தை யார் குடுக்குறாங்க?

ரெண்டு தனித்தனி அமைப்பு. ஒண்ணு அமெரிக்கன் சொசைட்டி ஆஃப் சிவில் இன்ஜினியர்ஸ். அவங்க 1960கள்லேர்ந்து வரலாற்றுச் சின்னம்னு அறிவிச்சுட்டு வர்றாங்க, மேரிலாந்துல இருக்குற போல்மன் டிரஸ் பாலம்தான் முதல்ல, 1966ல. வெளிநாட்டு வேலைங்களுக்கும் சர்வதேசப் பட்டம் தர்றாங்க, ஆஸ்திரேலியால ஹார்பர் பிரிட்ஜுக்கும் ஸ்னோயி மலை நீர்மின் திட்டத்துக்கும் ஏற்கனவே இருக்கு. இன்னொண்ணு இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா, அவங்களோட பாரம்பரியக் குழு 1984லேர்ந்து ப்ளேக் வெச்சுட்டு வருது, சாதாரணம், தேசியம், சர்வதேசம்னு தரம் இருக்கு. கிளேட்ஸ்வில்லுக்கு 2015ல ரெண்டு பேரும் சர்வதேச அடையாளம் குடுத்தாங்க.

2015 வரைக்கும் ஏன் காத்திருந்தாங்க?

அமெரிக்க சொசைட்டி விதிப்படி பொதுவா 50 வருஷமாவது ஆகிருக்கணும். 1964 கூட்டல் 50, 2014. அவ்ளோதான் ரகசியம்.

விதி எரிச்சலா இருக்கலாம், ஆனா அதுல ஒரு நியாயம் இருக்கு. திறப்பு விழா அன்னிக்கு எல்லாப் பாலமும் உலக அதிசயம்தான். 50 வருஷம் லாரி ஓடி, உப்புக்காத்து அடிச்சு, டிசைன் பண்ணப்ப யாரும் நினைக்காத டிராஃபிக்கைத் தாங்கினப்புறம் பேசறதுதான் பேச்சு. இதுல ஒரு கெடுதியும் இருக்கு, 50 வருஷம் ஆறதுக்குள்ள கட்டினவங்க நிறைய பேர் போய்ச் சேர்ந்துடுவாங்க, மேஸ்திரிகிட்டயும் கிரேன் ஓட்டினவர்கிட்டயும் கேக்க வேண்டியதைக் கேக்க முடியாது. அதனால பட்டத்துக்குக் காத்திருக்கலாம், பேட்டி எடுக்கறதுக்குக் காத்திருக்கக் கூடாது.

பட்டம் குடுத்துட்டா பாலத்தை இடிக்க முடியாதா?

இன்ஜினியர் சங்கம் குடுக்குற ப்ளேக்குக்கு சட்ட பலம் கிடையாது. அது மரியாதை, அவ்ளோதான். சட்டம் வேற ரூட்டு. நியூ சவுத் வேல்ஸ்ல 1977 பாரம்பரியச் சட்டம்னு இருக்கு, அதுக்குக் கீழ மாநிலப் பாரம்பரியப் பதிவேடு. கிளேட்ஸ்வில் பாலம் 2014ல அதுல ஏறிடுச்சு. அதுல இருந்தா பெரிய மாத்தம் எதுக்கும் அனுமதி வாங்கணும். தார் போடறது, கைப்பிடிக்கு பெயின்ட் அடிக்கறது மாதிரி வழக்கமான பராமரிப்புக்கு விலக்கு உண்டு, இல்லன்னா ஓடுற ரோட்டை நடத்தவே முடியாது. மியூசியத்துல வெச்ச பொருளுக்கும் தினம் ஆயிரக்கணக்கான வண்டி ஓடுற பாலத்துக்கும் ஒரே விதி போட்டா நடக்காது.

ஃப்ரீவேக்காகக் கட்டின பாலம், ஆனா ஃப்ரீவே வரலன்னு சொல்றாங்களே?

ஆமா, அது ஒரு சோகக் கதை. வடமேற்கு எக்ஸ்பிரஸ்வேன்னு பெரிய பிளான், அதோட ஒரு துண்டுதான் இது. பக்கத்துலயே ஃபிக் ட்ரீ பாலம் 1963ல, டார்பன் க்ரீக் பாலம் 1965ல கட்டினாங்க, மூணும் ஒரு குடும்பம். 1970கள்ல உள்-நகரத்துல வீடுங்களை இடிச்சு ஃப்ரீவே போடறதுக்கு ஜனங்க எதிர்ப்பு கிளம்பி, 1977ல அரசாங்கம் நிறைய திட்டங்களைக் கைவிட்டுச்சு. இவ்ளோ பெரிய பாலம், ரெண்டு பக்கமும் சாதா சிக்னல் ரோடு. பாரம்பரியம்னு பேசறவங்க பொறியியலை மட்டும் பேசிட்டு இதை விட்டுடறாங்க, எனக்கு அது சரியா படல. பாலம் ஏன் அந்த அகலம், ஏன் அந்தக் கோணம்னு இது இல்லாம புரியாது.

ப்ளேக்ல என்ன எழுதணும்?

உலகம் பூரா நிறைய ப்ளேக் கல்யாணப் பத்திரிகை மாதிரிதான் இருக்கு. யார் தலைமை, யார் முன்னிலை, யார் திறந்து வெச்சது, தேதி, லோகோ. படிச்சு முடிச்சா பாலத்தைப் பத்தி ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது.

என்னைக் கேட்டா அந்த ப்ளேக்கை சின்னதா வெச்சுட்டு, பக்கத்துல படம் போட்ட பலகை வைக்கணும். சென்டரிங் சைடா நகர்ற ஒரு படம், தட்டை ஜாக்கியோட வெட்டுத் தோற்றம், பார்ஜ்லேர்ந்து பெட்டி தூக்கற போட்டோ. பத்து வயசுப் பிள்ளை பாத்துட்டு "அப்போ பாலம் தானா எழுந்துச்சாப்பா?"ன்னு கேக்கணும், அது போதும். இதை ரோட்டு மேல வைக்காதீங்க, கார்லேர்ந்து யாரும் படிக்க முடியாது. கீழ, ஆர்ச் கண்ணுக்குத் தெரியுற இடத்துல வைக்கணும்.

வேற ரோட்டுப் பாலங்களுக்கும் இப்படி குடுத்திருக்காங்களா?

நிறைய. இங்கிலாந்துல 1779ல நிறுத்தின அயர்ன் பிரிட்ஜ், உலகத்துலயே வார்ப்பிரும்புல கட்டின முதல் பெரிய பாலம், இப்போ வண்டி விடறதில்ல, நடந்துதான் போகணும். சுவிட்சர்லாந்துல ராபர்ட் மையார் கட்டின சல்கினாடோபெல் பாலம், 1930, 90 மீட்டர்தான், ஒரு மலைக் கிராமத்துக்குப் போற ஒத்தையடி ரோடு மாதிரி. அதுக்கு 1991ல அமெரிக்க சொசைட்டி பட்டம் குடுத்துச்சு. அளவைப் பாத்துக் குடுக்கறதில்லங்கறதுக்கு அதைவிட சாட்சி வேணாம்.

நேர்ல பாக்கணும்னா எங்க நிக்கணும்?

கார்ல போகாதீங்க. சர்குலர் கீலேர்ந்து பரமட்டா போற எஃப்3 ஃபெரில ஏறுங்க, பாலத்துக்கு அடியில போகும். வெளில நில்லுங்க, நிமிர்ந்து பாத்தா நாலு பட்டையும் தனித்தனியா பக்கத்துப் பக்கத்துல போறது தெரியும். ஹன்ட்லீஸ் பாயின்ட் படகுத்துறைல இறங்கினா பக்கத்துலேர்ந்தே பாக்கலாம். கிட்டக்க வந்தப்புறம்தான் இன்னொண்ணு கவனிப்பீங்க, ஆர்ச் எல்லா இடத்துலயும் ஒரே தடிமன் இல்ல, உச்சில 14 அடி, கரைகிட்ட 23 அடி. பாலத்து மேல நடைபாதையும் இருக்கு, நடந்தா ஊர் நல்லா தெரியும், ஆனா பாலம் தெரியாது.

எங்க ஊர்லயும் நல்ல பாலம் ஒண்ணு இருக்கு. நாங்களே இந்த மாதிரி ஏதாவது பண்ண முடியுமா?

தாராளமா. பட்டம் குடுக்குற அமைப்பு தானா வந்து தேடாது, யாராவது ஆவணம் தயார் பண்ணி விண்ணப்பிக்கணும், பெரும்பாலும் ரிட்டையர் ஆன இன்ஜினியருங்கதான் இந்த வேலையை உக்காந்து பண்றாங்க. முதல்ல ஒரிஜினல் டிராயிங் எங்க இருக்குன்னு தேடுங்க, நெடுஞ்சாலை ஆபீஸ் பழைய ரெக்கார்டு ரூமை காலி பண்றப்ப முதல்ல குப்பைக்குப் போறது அதுதான். கட்டும்போது எடுத்த போட்டோ, டெண்டர் பேப்பர், அப்போ வந்த செய்தித்தாள் துணுக்கு, வேலை பாத்தவங்களோட வீட்டு ஆல்பம். அப்புறம் ஒரே ஒரு கேள்விக்கு ஒரு பக்கத்துல பதில் எழுதிப் பாருங்க: இந்தப் பாலத்துல வேற எங்கயும் செய்யாத எதை செஞ்சாங்க? அந்த ஒரு பக்கம் எழுத வரலன்னா பாலம் அழகா இருக்கலாம், ஊருக்கு வேண்டியதா இருக்கலாம், அதுக்கு வேற விதமா விழா எடுங்க. எழுத வந்துச்சுன்னா மிச்ச 30 பக்கமும் தானா வரும், அதுக்குள்ள பாலத்தோட ஓனர் யாரோ, கவுன்சிலோ ஹைவேஸோ, அவங்ககிட்ட எழுத்துல சம்மதம் வாங்கி வெச்சுடுங்க, அது இல்லாம எந்த அமைப்பும் ப்ளேக் வைக்க வராது.